கமாண்டர் டெக் படுத்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேஜிக் தி கேதரிங் என்கிற சீட்டாட்டத்தில் கமாண்டர் வகையை ஆடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் டெக் (சீட்டுக்கட்டு) சொதப்பினாலும் அது கடைசியில் என் மடியில்தான் வந்து விழும். இத்தனை டெக்குகளைப் பிரித்துப் பார்த்ததில் புதுப்புது வியாதி எதுவும் இல்லை. அதே ஆறேழு கோளாறுதான் ஆள் மாறி ஆள் வருகிறது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. 100 கார்டு, ஆளுக்கு 40 லைஃப், நான்கு பேர், மானா (கார்டு போடக் கொடுக்கும் விலை) தரும் அடிப்படை லேண்ட் தவிர எதையும் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிற அளவுக்கு விதி தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டெக்கைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. ஒரு ஆட்டத்தில் தோற்றதும் பத்து கார்டை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு நாள் வயிற்று வலிக்கு ஆபரேஷன் செய்துகொள்வது போல. சின்ன நோட்டு ஒன்றை டெக் பெட்டியோடு வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த டர்னில் மாட்டிக்கொண்டேன், தோற்கும்போது கையில் என்னென்ன இருந்தன, யார் எதனால் ஜெயித்தார். ஐந்து ஆட்டத்தில் மூன்று முறை ஒரே வரி வந்தால் அதுதான் உங்கள் அறிகுறி. கீழே அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி 1: நான்காவது டர்ன் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன்

என்னிடம் வருகிற டெக்குகளில் பாதி இந்தக் கேஸ்தான். உரிமையாளர் மட்டும் "விலை உயர்ந்த கார்டு இல்லை, அதான்" என்பார்.

*லேண்ட் இரண்டோடு நின்றுவிடுகிறதா?*

காசு செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பிப்போம். சீட்டை எப்படிக் கலைக்கிறீர்கள்? போன ஆட்டத்தில் மேசைமேல் வரிசையாக இருந்த லேண்டை அப்படியே அள்ளி நடுவில் சொருகி, மூன்று தட்டு தட்டி வைத்தால் அடுத்த ஆட்டத்திலும் அது கொத்தாகத்தான் வரும். 100 கார்டு, அதுவும் உறை போட்டது என்றால் ஒன்றுக்குள் ஒன்று செருகுவதைப் பத்து முறையாவது செய்யுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் வெட்டக் கொடுங்கள்.

அடுத்தது மல்லிகன், அதாவது முதல் கையைத் திருப்பிப் போட்டுப் புதிதாக எடுப்பது. பல பேர் ஆடும் ஆட்டத்தில் முதல் மல்லிகன் இலவசம், ஏழு கார்டும் திரும்பக் கிடைக்கும். அப்படியிருந்தும் ஒரு லேண்டும் ஆறு அழகான கார்டும் உள்ள கையை "அடுத்த டிராவில் வந்துடும்" என்று வைத்துக்கொள்கிறோம். வராது. மூன்று லேண்டாவது இருந்தால் நிம்மதி. இரண்டு லேண்டும், மானாவைச் சீக்கிரம் ஏற்றும் மலிவான ராம்ப் கார்டு ஒன்றும் இருந்தால் யோசிக்கலாம். ஒன்று என்றால் பேச்சே இல்லை, திருப்பிப் போடுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் மாட்டுகிறது என்றால் லேண்டை எண்ணுங்கள். நான் பயன்படுத்தும் கணக்கு எளிது. டெக்கின் தலைமைக் கார்டான கமாண்டர் தனியே இருப்பதால் கட்டில் 99 கார்டு. முதல் கை 7. இந்த ஆட்டத்தில் முதலில் ஆடுபவரும் கார்டு எடுப்பார், ஆக நான்காவது டர்னில் 11 கார்டு பார்த்திருப்பீர்கள். 99-ல் 11 என்பது ஒன்பதில் ஒரு பங்கு. டெக்கில் எது எத்தனை இருக்கிறதோ அதை ஒன்பதால் வகுத்தால், நான்காவது டர்னுக்குள் சராசரியாக அத்தனை கண்ணில் படும். 36 லேண்ட் வைத்தால் நான்கு. 31 வைத்தால் மூன்றரைகூட இல்லை. சராசரியே மூன்றரை என்றால் பாதி ஆட்டங்களில் மூன்றோ அதற்கும் கீழேயோதான் இருக்கும்.

ஒரு நண்பர் தி உர்-டிராகன் டெக் கொண்டுவந்தார். ஐந்து நிறம், கமாண்டரின் விலையே 9 மானா. டெக்கைப் பாயில் விரித்து, விலை வாரியாக அடுக்கச் சொன்னேன். ஒரு மானாவுக்கு ஒரு குவியல், இரண்டுக்கு ஒன்று, இப்படியே. ஆறும் அதற்கு மேலும் உள்ள குவியல் கட்டைவிரல் தடிமனுக்கு நின்றது, 24 கார்டு. இரண்டு மானா குவியலில் ஐந்தே ஐந்து. லேண்ட் 31. அவரே கொஞ்ச நேரம் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் ஆடுறதே ஏழாவது டர்ன்லதான் ஆரம்பிக்குது போல" என்றார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பத்து டிராகன் வெளியே போனது, ஆறு லேண்டும் நான்கு ராம்பும் உள்ளே வந்தன. எந்த டிராகனை எடுப்பது என்பதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

ராம்ப் என்றால் மானாவை முன்கூட்டியே ஏற்றும் கார்டுகள்: சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், பச்சை நிறம் இருந்தால் ராம்பன்ட் குரோத், கல்டிவேட். இரண்டாவது டர்னில் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்றால் அதற்குள் பார்ப்பது ஒன்பது கார்டு, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. ஆகவே பத்து பதினொன்று வையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு மானா விலையில் இருக்கட்டும். நான்கு மானா கொடுத்து ராம்ப் செய்வது, பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு ஓடுவது.

*லேண்ட் இருக்கிறது, நிறம் அமையவில்லையா?*

கையில் கறுப்புக் கார்டு நாலு, மேசையில் சிவப்பு, பச்சை மானா தரும் மலையும் காடும். முதலில், கார்டுகளின் விலையில் எந்த நிறக் குறி எத்தனை இருக்கிறது என்று எண்ணி, அடிப்படை லேண்டை அந்த விகிதத்தில் மாற்றுங்கள். இதற்குச் செலவு இல்லை. அடுத்து கமாண்ட் டவர், எவால்விங் வைல்ட்ஸ், இரண்டு நிறம் தரும் மலிவு லேண்டுகள். இவற்றில் பல சாய்ந்த நிலையில் வரும், அந்த டர்னில் பயன்படாது. அந்த மாதிரி லேண்ட் ஏழெட்டைத் தாண்டினால் டெக் மந்தமாகிவிடும். கடைசியாகத்தான் விலை கூடிய இரட்டை நிற லேண்டுகள். அந்தக் காசைச் செலவழிப்பதற்கு முன் ஒரு கேள்வி: மூன்றாவது நிறத்துக்காக டெக்கில் எத்தனை கார்டு இருக்கிறது? ஐந்தாறுதான் என்றால் அந்த நிறமே வேண்டாம், அதில்லாத கமாண்டரைப் பாருங்கள்.

*எப்போது வேறு ஆளிடம் காட்டுவது:* லேண்ட் 36-37, ராம்ப் 10, ஆறு மானாவுக்கு மேல் எட்டுக்குள் என்று வைத்த பிறகும் பத்து ஆட்டத்தில் ஐந்து மாட்டினால், அனுபவமுள்ள ஒருவரை உங்கள் பின்னால் உட்காரவைத்து ஆடுங்கள். அநேகமாக லேண்ட் போடும் வரிசையில்தான் தவறு இருக்கும். அது டெக்கின் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

அறிகுறி 2: ஐந்தாவது டர்னில் கை காலி

கிடைத்ததை எல்லாம் போட்டுவிட்டு, ஒவ்வொரு டர்னும் மேலே இருந்து ஒரு கார்டு எடுத்து, அது லேண்டாக இருந்தால் "பாஸ்" என்று சொல்லிக்கொண்டிருப்பது. எதிரே மூன்று பேர் ஆளுக்கொன்று எடுக்கிறார்கள். நீங்கள் ஒன்று எடுத்தால் கணக்கே உதைக்கிறது.

கார்டு எடுக்க வைக்கும் கார்டுகளை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் நான்காவது டர்னுக்குள் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம். பத்து இருந்தால் சுமார் 71. இந்த ஒரு மாற்றத்துக்கு நிகரான மருந்து வேறு எனக்குத் தெரியாது. மலிவாகவும் கிடைக்கும். சைன் இன் பிளட் இரண்டு மானாவுக்கு இரண்டு கார்டு. சைஃபன் மைண்ட் நான்கு மானா. மற்றவர்கள் ஆளுக்கொரு கார்டை எறிய வேண்டும், எறிந்த ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு ஒன்று. இருவர் மட்டும் ஆடும்போது அது சுமார் ரகம், நான்கு பேர் மேசையில் மூன்று கார்டு.

எண்ணும்போது ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். "என் கிரீச்சர் (சண்டை போடும் உயிரினக் கார்டு) எதிராளியை அடித்தால் ஒரு கார்டு" என்பதை முழுதாக எண்ணக் கூடாது. அடிக்க முடிந்தால்தானே. நான் அந்த வகையில் இரண்டைச் சேர்த்து ஒன்று என்று எண்ணுவேன். கமாண்டரே கார்டு எடுத்துத் தருபவர் என்றாலும் ஏழெட்டு தனியாக வேண்டும். காரணம் அடுத்த அறிகுறி.

அறிகுறி 3: கமாண்டர் செத்தால் டெக்கும் செத்துவிடுகிறது

கமாண்டரை மறுபடி இறக்க ஒவ்வொரு முறையும் இரண்டு மானா கூடும். ஆறு மானா கமாண்டர் மூன்றாவது முறை பத்து. அதற்குள் மற்றவர்கள் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள்.

சோதனை இது: கமாண்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எதிராளி இல்லாமல் தனியாக எட்டு டர்ன் ஆடிப்பாருங்கள். ஐந்து முறை. மூன்று முறையாவது மேசையில் ஏதாவது ஒரு மிரட்டல் உருவாகிறதா? உருவாகிறது என்றால் டெக் நலம், கமாண்டரைக் காப்பாற்றினால் போதும். முதலில் பழக்கத்தை மாற்றுங்கள்: நான்காவது டர்னில் இறக்க முடிகிறதே என்று இறக்காமல், காப்பதற்கு ஒரு மானா மிச்சம் இருக்கும்போது இறக்குங்கள். அப்புறம், மாட்டினால் கிரீச்சரை எதிராளி குறிவைக்க முடியாதபடி செய்யும் ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ், லைட்னிங் கிரீவ்ஸ். கிரீவ்ஸை மாட்டப் பைசா செலவில்லை, ஆனால் அது மாட்டியிருக்கும் கிரீச்சரை நீங்களும் குறிவைக்க முடியாது. உங்கள் டெக் கமாண்டருக்கு மந்திரம் போட்டு வளர்க்கும் வகை என்றால் பூட்ஸ்தான் சரி. இதைப் படிக்காமல் வாங்கி, ஆட்டத்தின் நடுவில் முழித்தவர்களில் நானும் ஒருவன்.

சோதனையில் ஐந்து முறையும் ஒன்றுமே நடக்கவில்லையா? டெக்கில் இருப்பவை எல்லாம் கமாண்டரின் கைத்தடிகள். தனியாக நிற்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு கார்டு தேவை. இது கொஞ்சம் செலவு பிடிக்கும் வேலை.

அறிகுறி 4: எல்லோரும் என்னையே அடிக்கிறார்கள்

இருவர் ஆட்டத்தில் இந்த வியாதி கிடையாது, அடிக்க வேறு ஆளே இல்லை. ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகிவிட்டுக் கமாண்டருக்கு வருகிறவர்கள் முதல் மாதம் இதில்தான் புலம்புவார்கள்.

*மேசையில் தடுப்பதற்கு ஆள் இருக்கிறதா?* மூன்றாவது டர்னில் ஒருவரிடம் ஒரு சின்ன கிரீச்சர் இருக்கிறது. அது யாரையாவது அடிக்க வேண்டும். மூன்று வீட்டில் ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் எதில் நுழைவார்? பகை எல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று மானாவில் நின்று தடுக்கும் கிரீச்சர்கள் ஆறேழு வையுங்கள். இந்த ஒன்றே பாதிக் கேஸைத் தீர்த்துவிடும்.

*வேகமாகத் தெரிகிறீர்களா?* முதல் டர்னில் சோல் ரிங், அதன்மேல் உடனே இன்னொரு ராம்ப். மேசை முழுவதும் உங்கள் பக்கம் திரும்பும், திரும்பத்தான் வேண்டும். சில நேரம் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு டர்ன் மெதுவாகப் போவது நல்லது. ஜெயிக்கும் டர்னுக்கு முந்தைய டர்ன் வரை மேசையில் இரண்டாவது ஆளாக இருப்பதுதான் நல்ல இடம்.

*எரிச்சல் மூட்டுகிறீர்களா?* ரிஸ்டிக் ஸ்டடி என்று ஒரு கார்டு. எதிராளி மந்திரம் போடும் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு மானா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் நமக்கு ஒரு கார்டு. சக்திவாய்ந்த கார்டுதான். ஆனால் "ஒண்ணு கட்டுறீங்களா?" என்று ஒரு மாலை முழுக்கக் கேட்டுப் பாருங்கள். எங்கள் மேசையில் அதற்கு "வட்டிக்காரர்" என்று பெயர். வட்டிக்காரரைத்தான் முதலில் தீர்த்துக்கட்டுவார்கள். வைப்பதாக இருந்தால் அடி வாங்கத் தயாராக வையுங்கள்.

*வேலி போடலாமா?* நீலத்தில் பிராபகாண்டா, வெள்ளையில் கோஸ்ட்லி பிரிசன். இரண்டும் மூன்று மானா. உங்களை அடிக்க ஒவ்வொரு கிரீச்சருக்கும் இரண்டு மானா கட்ட வேண்டும். அடியைத் தடுப்பது என்பதைவிட, அடியை அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடுவது என்று சொல்லலாம். பல பேர் ஆட்டத்தில் அதுதான் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அடி என்றால் கமாண்டரின் பெயர் கெட்டுப்போயிருக்கிறது. சில கமாண்டர்களைப் பார்த்த உடனே, உள்ளே என்ன இருந்தாலும் சரி, மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள். கமாண்டரை மாற்றுவது என்றால் பாதி டெக் மாறும். ஆகவே அதற்கு முன், ஆட்டம் முடிந்ததும் அடித்தவரிடமே போய்க் கேளுங்கள்: "ஏன் என்னை அடிச்சீங்க?" நேராகவே சொல்லிவிடுவார்கள். இதைவிட நல்ல நிபுணர் கிடையாது.

அறிகுறி 5: ஒருவரை அடக்குகிறேன், இன்னொருவர் ஜெயித்துவிடுகிறார்

இது என் சொந்த வியாதி. ஒரு ஆட்டத்தில் இடது பக்கத்தவரின் பெரிய மந்திரத்தைக் கவுண்டர்ஸ்பெல் போட்டு நிறுத்தினேன். வலது பக்கத்தவரின் கிரீச்சரைத் துரத்தினேன். இப்படியே நான்கு முறை, ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. எதிரே இருந்தவர் டீ குடித்துக்கொண்டு ஒவ்வொரு டர்னும் ஒரு லேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். பத்தாவது டர்னில் மூன்று பேரையும் சேர்த்து முடித்தார்.

கணக்கு இதுதான். நான் ஒரு கார்டு கொடுத்து ஒருவரின் ஒரு கார்டை எடுத்தால் நாங்கள் இருவரும் ஆளுக்கொன்று இழந்தோம். சும்மா இருந்த இருவர் லாபம் பார்த்தார்கள்.

செலவில்லாத திருத்தம்: ஆபத்தைக் கண்டதும் பாயாதீர்கள். "இதனால் நான் சாவேனா?" என்று மட்டும் கேளுங்கள். சாகமாட்டேன் என்றால் அது வேறு யாருக்கோ தலைவலி, அவரிடமும் பதில் இருக்கும். அடுத்து, டெக்கில் உள்ள ஒன்றுக்கு ஒன்று ரிமூவலை, அதாவது எதிராளியின் ஒரு கார்டை மட்டும் அகற்றும் கார்டுகளை, எட்டு ஒன்பதோடு நிறுத்துங்கள். அதிலும் ஜெனரஸ் கிஃப்ட், பீஸ்ட் விதின் போல எந்த வகைக் கார்டையும் அழிக்கக்கூடியவை நல்லது. கிரீச்சரை மட்டும் கொல்லும் கார்டு கையில் இருக்கும்போது எதிரே ஒரு என்சான்ட்மென்ட் (மேசையில் நிலைத்து நிற்கும் மந்திரம்) ஆட்டத்தை முடிக்கும். மூன்று நான்கு போர்டு வைப், அதாவது மேசையையே துடைக்கும் கார்டு. பிளாஸ்பெமஸ் ஆக்ட் ஒன்பது மானா என்று பயந்துவிடாதீர்கள். மேசையில் உள்ள ஒவ்வொரு கிரீச்சருக்கும் ஒரு மானா குறையும். நான்கு பேர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு மானாவுக்கே கிடைத்துவிடும்.

அறிகுறி 6: மேசை என் கையில், ஆனால் ஆட்டம் முடிவதில்லை

எதிரே 120 லைஃப் இருக்கிறது. லைட்னிங் போல்ட் மூன்று டேமேஜ். மேசையைக் காலி செய்ய 40 போல்ட் வேண்டும், விதிப்படி வைக்கக்கூடியது ஒன்று.

டெக்கில் உள்ள டேமேஜ் கார்டுகளை எடுத்து, அதில் "ஒவ்வொரு எதிராளிக்கும்" என்று எழுதியிருப்பவற்றைத் தனியே வையுங்கள். அந்தக் குவியல் மெலிந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. கறுப்பில் கிரே மெர்ச்சன்ட் ஐந்து மானா. தனியாக வந்தாலே ஆளுக்கு இரண்டு லைஃப் பிடுங்கி நமக்கு ஆறு தரும். சின்னக் கிரீச்சர் கூட்டம் வைத்து ஆடுபவர்களுக்கு ஓவர்ரன் போதும். அனைத்துக்கும் மூன்று பலம் கூட்டி, தடுத்தாலும் மிச்ச அடி உள்ளே போகும். ஐந்தாறு முடிக்கும் கார்டு வைத்தால் போதுமானது. கமாண்டரே அடித்து முடிப்பவர் என்றால் ஒருவருக்கு 21 டேமேஜ்தான் தேவை, ஆனால் மூன்று பேரையும் தனித்தனியாக அடிக்க வேண்டும்.

இதன் உடன்பிறப்பு, மேசை நிறைய இறக்கிவிட்டு ஒரே போர்டு வைப்பில் எல்லாம் போவது. மருந்து ஒரு வரிதான்: ஜெயிக்கப் போதுமான அளவு மேசையில் வந்துவிட்டால் மிச்சத்தைக் கையில் வைத்திருங்கள்.

அறிகுறி 7: நான்தான் ஜெயிக்கிறேன், ஆனால் ஆட யாரும் கூப்பிடுவதில்லை

டெக்கில் பிழை இல்லை, மேசையோடு பொருத்தம் இல்லை. 2025-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இதற்காகவே ஐந்து படிகள் கொண்ட பிராக்கெட் முறையைக் கொண்டுவந்தது. ஆட்டத்தையே புரட்டிவிடும் கார்டுகளுக்குக் கேம் சேஞ்சர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, மேலே சொன்ன ரிஸ்டிக் ஸ்டடியும் அதில் உண்டு. மூன்றாவது பிராக்கெட்டில் அவற்றில் மூன்று வரை வைக்கலாம், முதல் இரண்டில் ஒன்றும் கூடாது. உங்கள் டெக்கில் எத்தனை என்று எண்ணி, உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். "பத்துக்கு ஏழு மாதிரி இருக்கும்" என்று டெக்கின் பலத்தைச் சொல்லும் பழைய பேச்சில் எல்லோருடைய டெக்கும் ஏழுதான்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் முகம் சுளிக்கிறார்கள் என்றால் உங்கள் டர்ன் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். கூடுதல் டர்ன் தரும் கார்டுகளை அடுக்கி ஒரு நீல டெக் வைத்திருந்தேன். ஒரு நாள் என் மூன்றாவது தொடர் டர்னில் நிமிர்ந்து பார்த்தால், ஒருவர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார், ஒருவர் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கிறார், மூன்றாமவர் வடை வாங்கப் போயிருந்தார். டைம் வார்ப் உட்பட நான்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு லேண்டும் இரண்டு டிரா கார்டும் வைத்தேன். முன்பைவிடக் குறைவாக ஜெயிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் மட்டும் தவறாமல் வருகிறது.